நாலரைக் கட்டையில் ஒரு நேர்த்திக்கடன்

உங்களில் பாதிப் பேர் என்னை ‘பட்டன் அண்ணே’ என்றுதான் கூப்பிடுகிறீர்கள். முன்பு தையல் சாமான் கடை வைத்திருந்தீர்களா என்று ஒரு தங்கச்சி போன வாரம் கேட்டாள். இல்லை தாயி. அது சாத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், பட்டப்பகலில், ஒரு வேன் நிறைய பொம்பளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்கு விழுந்த பேர். அந்தப் பேருக்கு நான் முழுத் தகுதி உள்ளவன். பாட்டு எழுதவும் மெட்டுப் போடவும் வந்திருக்கிற உங்களுக்கு அதைச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அந்தப் பட்டன் இப்போது உங்கள் செல்போனுக்குள்ளேயே வந்துவிட்டது.

நான் யாரிடமும் சம்மணம் போட்டு உட்கார்ந்து சங்கீதம் படித்தவன் இல்லை. விருதுநகரில் ஒரு எண்ணெய் மில்லில் மூட்டை எடை போட்டுக்கொண்டிருந்தவன். பழைய கீபோர்டு ஒன்று கைக்கு வந்தது. கறுப்புக் கட்டைகளைப் பார்த்தாலே எனக்கு ஒரு மிரட்சி. வெள்ளைக் கட்டைகளில் ச ரி க ம என்று ஸ்டிக்கர் ஒட்டி, காதால் கேட்டுக் கேட்டு வாசித்தேன். சி என்கிற சுரத்தை ச என்று வைத்துக்கொண்டால் கறுப்புப் பக்கம் போகவே வேண்டாம் என்பது எனக்குப் பெரிய கண்டுபிடிப்பு.

மூன்று சுரங்களைச் சேர்த்து ஒன்றாக அமுக்கினால் அது கார்டு. பாட்டுக்கு அடியில் எந்த இடத்தில் எந்தக் கார்டு என்பதை நான் பஸ் ஏறி இறங்குகிற கணக்கில்தான் புரிந்துகொண்டேன். ஒன்றாவது கார்டு, வீடு. நாலாவது, வீட்டை விட்டுச் சந்தைக்குப் போனது மாதிரி. போன இடமும் நன்றாகத்தான் இருக்கும். ஐந்தாவது, வேலை முடிந்து பஸ் ஸ்டாண்டில் நிற்பது மாதிரி. நம்ம ஊர் வண்டி வருகிற வரைக்கும் மனசு இழுத்துக்கொண்டே கிடக்கும். ஐந்திலிருந்து ஒன்றுக்கு வந்தால் கேட்கிறவன் அப்பாடா என்று உட்காருவான். ஆறாவது, வீட்டுக்குள்ளேயே யாரும் யாரோடும் பேசாமல் இருக்கிற நேரம். இந்த நாலை வைத்துக்கொண்டு எத்தனையோ பாட்டு போடலாம். போட்டேன்.

ஆனால் வீடு எல்லாருக்கும் ஒரே தெருவில் இருக்காதே. ஒருவர் குரலுக்கு வீடு ஒன்றாம் கட்டையில், அதாவது சி-யில் இருக்கும். இன்னொருவருக்கு ஐந்தாம் கட்டையில் இருக்கும். வீடு மாறினால் சந்தையும் பஸ் ஸ்டாண்டும் கூடவே மாறும்; கை வேறு இடத்துக்குப் போக வேண்டும். எனக்கு அது வராது. அதற்குத்தான் கீபோர்டில் டிரான்ஸ்போஸ் என்று ஒரு பட்டன் இருந்தது. அதை அமுக்கினால் என் கை சி-யிலேயே கிடக்கும், சத்தம் மட்டும் பாடுகிறவருடைய சுருதிக்கு ஏறி நிற்கும். ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் தொண்டையைச் செருமுவது மாதிரி குனிந்து அதை அமுக்கிவிடுவேன். “அண்ணன் எந்தக் கட்டையிலயும் அசராம வாசிப்பாரு” என்று என்னோடு வாசிக்கிற தபேலாக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் மறுக்கவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கேசட் ஓய்ந்து சிடி ஓடத் தொடங்கிய காலம். விருதுநகரில் காதர் பாய் மைக் செட் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய ஒரு ஒலிப்பதிவு அறை. அந்த வட்டாரத்து அம்மன் பாட்டுகளில் பெரும்பகுதி அந்த அறையில்தான் பிறந்தது. அவர் பேச்சுக்காகவே நான் டீ குடிக்க அங்கே போவேன். எக்கோவைக் கூட்டச் சொல்லி ஒரு பாடகர் கேட்டால், “வேணாம்ப்பா, குளிச்சுக்கிட்டே சாமி கும்பிடுற மாதிரி இருக்கு” என்பார். பாட்டுக்கு நடுவில் நான் விரலை ஓட்டிக் காட்டினால், “சமையல் நல்லாருக்கு, கரண்டி சத்தத்தக் கொஞ்சம் கொறை” என்பார்.

அந்த வருசம் ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து வருகிற சனங்களுக்குக் கொடுக்க ஒரு சிடி போட வேண்டும் என்று மிளகாய் வத்தல் மண்டிக்காரர் ஒருவர் பாயிடம் வந்தார். கோயில் பக்கம் வருசா வருசம் மோர்ப்பந்தல் போடுகிறவர். அவருக்கு ஒரு ஆசை. பாட்டெல்லாம் பக்தர்களே கட்டியதாக, அவர்களே பாடியதாக இருக்க வேண்டும். பந்தலில் அதைத்தான் போடுவேன் என்றார். இசை அமைக்கிற பொறுப்பு எனக்கு. சாத்தூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் பாட வைத்துத் தேர்ந்தெடுப்பது என்று ஏற்பாடு. அதற்கு முன்னால் ஒவ்வொருவராகப் பாயின் அறைக்கு வந்து என்னிடம் சுருதி பார்த்துக்கொண்டு போவார்கள்.

அப்படி வந்தவள்தான் தாயில்பட்டி பாண்டியம்மாள். பட்டாசுத் தொழிற்சாலையில், அந்தப் பக்கத்துப் பேச்சில் பட்டாசு ஆபீசில், திரி செருகுகிற வேலை. நகக் கண்ணில் வெள்ளிப் பொடி ஏறி மினுங்கிக்கொண்டிருந்தது. கூட அவள் புருசன் முனியசாமி. வேலையிடத்தில் ஒரு தடவை மருந்து பற்றியதில் அவன் வலது கை முழங்கை வரை வெந்துபோயிருந்தது. தோல் சுருங்கியிருந்தாலும் விரல்கள் மடங்கின. அவன் அந்தக் கையாலேயே டீ கிளாஸை வாங்கினான். அவள் அதைப் பெருமையாகப் பார்த்தாள்.

“கைய எடுக்கணும்னு சொன்னாகண்ணே, மதுரையில. ஆத்தாட்ட நின்னு சொன்னேன். இந்தக் கை திரும்ப வந்துச்சுன்னா, ஒன் வாசல்ல வார போற சனமெல்லாம் கேக்க எம்பாட்டு ஒண்ணு ஒலிக்கும்னு. கை வந்துருச்சு. பாட்டு இன்னும் போகல.”

“நீயே போய்ப் பாடிட்டு வரலாமே தாயி?”

“அம்புட்டுக் கூட்டத்துல எந்தொண்டை யாருக்குக் கேக்கும்? கொளாய் ஸ்பீக்கர்ல போடணும்ணே. அதான் நேர்த்தி. பாக்கி வச்சா அவ விடமாட்டா. ஏற்கெனவே ராத்திரியில இவருக்குக் கை குத்துதுங்கறாரு.”

முனியசாமி சிரித்தான். “குளிருக்குக் குத்துது. இவ அதையும் ஆத்தா கணக்குல எழுதிருவா.”

பாடச் சொன்னேன். பாயின் அறையில் நின்று கண்ணை மூடிக்கொண்டு பாடினாள்.

நெருப்புத் தின்ன கையை
நனைச்சுத் தந்தவளே - நான்
ஆத்து மணல் சூட்டுல
அடியடியா வாரேனே.

பொம்பளைக் குரலுக்குத் தாழ்ந்த குரல். அடியில் மணல் மாதிரி ஒரு கரகரப்பு. ‘வாரேனே’ என்பதை இழுத்து ஐந்தில் நிறுத்தினாள். பஸ் ஸ்டாண்டில் நிற்கிற இழுப்பு அது. அடுத்த அடியில்தான் வீட்டுக்கு வந்தாள். அதையெல்லாம் தெரிந்து செய்தாளா என்று கேட்காதீர்கள். நடந்து போகிறவளுக்கு இன்னும் ஊர் வரவில்லை, அதனால் பாட்டும் அங்கே முடியவில்லை. மெட்டுப் போடுகிற நீங்கள் இதைக் கவனியுங்கள். வார்த்தை போய்ச் சேராத இடத்தில் கார்டைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடாதீர்கள்.

அவள் குரலுக்கு நாலரைக் கட்டை. எஃப் ஷார்ப். கறுப்புக் கட்டைகள் அத்தனையும் வருகிற சுருதி அது. அதைக் கையால் வாசிக்க என்னால் ஆகாது. பட்டனை ஆறு தடவை அமுக்கினேன். சரியாகச் சேர்ந்தது. வாசித்துக் காட்டினேன். “பாட்டுக்குக் கீழ பாய் விரிச்ச மாதிரி இருக்குண்ணே” என்றாள் பாண்டியம்மாள். “என்னையவா விரிச்சாக?” என்று காதர் பாய் கேட்க, நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மண்டபத்தில் தாயில்பட்டியிலிருந்து ஒரு வேன் நிறைய பெண்கள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மண்டிக்காரரும் பாயும் ஒரு மேசையில். நான் மேடையில், கீபோர்டுக்குப் பின்னால். பாண்டியம்மாள் முறை வந்தபோது குனிந்து பட்டனை ஆறு தடவை அமுக்கினேன். அவள் பாடத் தொடங்கினாள். முதல் சரணம் முடிந்து இரண்டாவதில் பாதி. கரண்டு போனது.

மைக் செத்தது. கீபோர்டு செத்தது. அவள் நிறுத்தவில்லை. கண்ணை மூடியவள் மூடியபடியே பாடிக்கொண்டு போனாள். மின்விசிறி ஓய்ந்த அந்த மண்டபத்தில் கைக்குழந்தைகூடச் சத்தம் போடவில்லை. மண்டிக்காரர் நாற்காலியில் முன்னால் வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு அந்த மேடையில் நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான், அதில் என் பங்கு ஒன்றும் இல்லை.

வெளியே ஜெனரேட்டர் உறுமியது. கீபோர்டில் விளக்கு எரிந்தது. அவள் ‘வாரேனே’ என்று இழுத்துக்கொண்டிருந்தாள். நான் வந்துவிட்டேன் என்று எல்லாருக்கும் தெரிய வேண்டாமா? இரண்டு கையையும் விரித்து ஒரு பெரிய கார்டை அமுக்கினேன்.

கரண்டு போய் வந்தால் அந்தக் கீபோர்டு எல்லாவற்றையும் மறந்துவிடும். பட்டன் பழையபடி சுழியத்துக்குப் போய்விடும். என் கை சி-யில் இருந்தது, சத்தமும் சி-யில் வந்தது. அவள் எஃப் ஷார்ப்பில் இருந்தாள். இந்த இரண்டும் சுரங்களில் ஒன்றுக்கொன்று எதிரெதிர்க் கரைகள். அதைவிடப் பொருந்தாத ஜோடி கிடையாது. தகரத்தைக் கீறியது மாதிரி இருந்தது.

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். துணையில்லாமல் பாடினால் சுருதி இறங்கிப்போகும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. அவள் இறங்கிவிட்டாள் என்றே நானும் நினைத்தேன். நினைத்ததோடு விட்டேனா? புருவத்தைச் சுளித்துக்கொண்டு, இடது கையைத் தூக்கி, மேலே, மேலே என்று காட்டினேன். மண்டபமே பார்த்தது. அந்தக் கை அசைவுக்கு ‘இவள் தப்பு’ என்பதைத் தவிர வேறு அர்த்தம் இல்லை.

அவள் நம்பினாள். தொண்டையை உந்தி என் சுருதிக்கு ஏறப் பார்த்தாள். அவளுக்கு அது எட்டாத உயரம். குரல் உடைந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அப்போதுதான் கீபோர்டில் எண் காட்டுகிற சின்னக் கண்ணாடியைப் பார்த்தேன். சுழியம்.

தம்பிகளே, தங்கைகளே, அந்த நொடியில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கையை எடுத்துவிட வேண்டும். கார்டு இல்லாமல் பாட்டு நிற்கும். சற்று முன்னால்தான் நின்று காட்டியது. எனக்கு அது தோன்றவில்லை. யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம் என்றுதான் தோன்றியது. வலது கையால் வாசித்துக்கொண்டே இடது கையால் பட்டனை அமுக்கினேன். ஒவ்வொரு அமுக்குக்கும் சுருதி ஒரு படி நகர்ந்தது. நான் அவளைத் தேடி நாலரைக்குப் போய்ச் சேர்ந்தபோது, அவள் உயிரைக் கொடுத்து நான் முன்பு இருந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள். மறுபடியும் அதே தகரக் கீறல். இந்தத் தடவை முன்வரிசையும் சிரித்தது.

அவள் நிறுத்தினாள். “மன்னிச்சிருங்க” என்று மைக்கில் சொன்னாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. இறங்கிப் போய்விட்டாள்.

டீ நேரத்தில் மண்டிக்காரர் உதட்டைப் பிதுக்கினார். “நல்ல பாட்டு. ஆனா சுருதி நிக்கலையே.”

காதர் பாய் என்னைப் பார்த்தார். “கரண்டு இல்லாதப்ப கல்லு மாதிரி நின்னுச்சே. மெசின் வந்த பெறகு ஏன்ப்பா அலையுது?”

கேள்வி என்னிடம்தான் வந்தது. உண்மையைச் சொன்னால் பட்டன் வெளியே வரும். பட்டன் வெளியே வந்தால் சிடிக்கு இசை யார் என்கிற பேச்சும் வரும். தபேலாக்காரர் வேறு பக்கத்திலேயே நின்று வடை தின்றுகொண்டிருந்தார். நான் சொன்னேன்: “திடீர்னு மைக் வந்ததும் பயந்துட்டா பாய். மேடைப் பழக்கம் இல்லல்ல.”

எவ்வளவு இயல்பாக வந்தது தெரியுமா அந்தப் பொய். அனுபவஸ்தன் குரலில் வந்தது.

பாய் கிளாஸைக் கீழே வைத்தார். “அப்ப இன்னொரு தடவ பாடட்டும். போயிறப் போறாக, கூட்டிட்டு வா.”

எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. பட்டனை முதலிலேயே சரியாக வைத்துவிட்டால் தீர்ந்தது, யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. வேன் வாசலில் புறப்படத் தயாராக நின்றது. உள்ளே பெண்கள் கேலி பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

“ஏட்டி பாண்டியம்மா, அங்கன ஆபீசுல திரிப்பசை ஒணர்ற வரைக்கும் பாடுவியே, இங்கன வந்து என்னத்தடி முழுங்குன?”

“மைக்க முழுங்கிட்டா!”

பாண்டியம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பாய் மறுபடி பாடச் சொல்கிறார் என்றேன். தலையை ஆட்டினாள்.

“வேணாம்ணே. ஆத்தா வேணாம்னுட்டா. கரண்ட நிறுத்திக் காட்டுனா, நான் புரிஞ்சுக்கிறல. பெறகு எந்தொண்டையப் புடிச்சு நிறுத்துனா. இன்னமும் பாடுனா என்ன அர்த்தம்? கையக் குடுத்தவ திரும்ப எடுத்துக்கிட்டா நான் என்ன செய்ய?”

முனியசாமி அவள் பக்கத்தில் தலை குனிந்திருந்தான். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. வெந்த கையை மடிமேல் மற்றக் கையால் மூடி வைத்திருந்தான்.

என் பட்டனை அவள் ஆத்தா என்று எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு சின்ன மிஷின் மறதி, என் கையாலாகாத்தனம், இரண்டும் சேர்ந்து அவள் வீட்டில் தெய்வ குத்தமாகப் போய் உட்காரப்போகிறது. இனிமேல் குளிருக்கு அந்தக் கை குத்தினாலும் அவள் என்ன நினைப்பாள்?

“இல்ல தாயி, கீபோர்டுலதான் கோளாறு. நீ சரியாத்தான் பாடுன.”

“ஆறுதலுக்குச் சொல்றீக.”

“சத்தியமா.”

“பெறகு ஏண்ணே அங்கன சொல்லல?”

வெறும் வார்த்தையால் அவளை இனி நம்பவைக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. கண்ணால் பார்த்தால்தான் நம்புவாள். “ஒரு நிமிசம் உள்ள வா. எல்லாரும் வாங்க” என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவது மாதிரி இருந்தது.

வேன் முழுக்க இறங்கி வந்தது. மேடை ஏறினேன். பட்டனை ஆறு தடவை அமுக்கி நாலரையில் அவள் மெட்டை வாசித்தேன். பிறகு எல்லாரும் பார்க்க, கீபோர்டை அணைத்தேன். திரும்பப் போட்டேன். கையை அதே இடத்தில் வைத்து அதே மெட்டை வாசித்தேன். வேறு எங்கோ கேட்டது. சங்கீதமே தெரியாதவர்களுக்கும் தெரிந்தது. முன்வரிசையில் ஒருத்தி, “ஆத்தீ, வீடு மாறிப் போயிருச்சே” என்றாள். அதைவிடத் தெளிவாக நான் இன்றுவரை யாருக்கும் டிரான்ஸ்போஸ் சொல்லிக்கொடுத்ததில்லை.

“கரண்டு போனதும் இது மறந்துருச்சு. பாண்டியம்மா மறக்கல. அவ நின்ன எடத்துலயே நின்னா. நாந்தான் வேற எடத்துல வாசிச்சேன்.”

மண்டிக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மேடையருகே வந்தார். அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். “சரி, மிஷின் மறந்துருச்சு. நீங்க அவுக சுருதியில கையாலயே வாசிச்சிருக்கலாம்ல? பட்டன் இல்லாம வாசிக்க வராதா?”

தபேலாக்காரர் என்னையே பார்த்தார். பாய் கூரையைப் பார்த்தார்.

“வராதுங்க.”

“எந்தச் சுருதியில வரும்?”

“இது ஒண்ணுலதான்.”

வேன் பெண்களில் ஒருத்தி, “அட பட்டனு!” என்றாள். மண்டபம் இடிகிற மாதிரி சிரிப்பு. சற்று முன்னால் பாண்டியம்மாளைப் பார்த்துச் சிரித்த அதே வாய்கள்தான். சிரிப்பு இடம் மாறியது, அவ்வளவே. பேர் அப்போதே ஒட்டிக்கொண்டது.

பாண்டியம்மாள் சிரிக்கவில்லை. மேடைக்குக் கீழே வந்து நின்றாள். முகம் தெளிந்திருந்தது, அந்தப் பயம் போயிருந்தது. ஆனால் மன்னித்த முகம் இல்லை அது.

“மிஷின் தப்புன்னா சரிண்ணே. அந்தக் கைய எதுக்குத் தூக்கிக் காட்டுனீக?”

கரண்டு போனது யார் குற்றமும் இல்லை. பட்டன் மறந்ததை நான் கவனிக்காததுகூட அறியாமை. கையைத் தூக்கிக் காட்டியது நான். இரண்டு சுருதி மோதும்போது தப்பு மேடைக்குப் புதியவள் பேரில்தான் இருக்கும் என்று என் கை யோசிக்காமலே முடிவு செய்தது. இசையில் நான் செய்த பிழைகள் எத்தனையோ உண்டு. ராத்திரி தூக்கம் கெடுப்பது அந்தக் கை ஒன்றுதான்.

பாடுகிறவரும் நீங்களும் மோதினால் முதலில் உங்கள் கையைப் பாருங்கள். பிறகு எடுங்கள். அவர் முகத்தைப் பார்ப்பது அதற்கும் பிறகு.

அவள் பாட்டை எடுப்பது என்று மண்டிக்காரர் அங்கேயே சொல்லிவிட்டார். பாண்டியம்மாள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். “எம்பாட்டுக்கு இவுக அந்தப் பெட்டியத் தொட வேண்டாம்.” காதர் பாய் உடனே, “சரித்தா” என்றார். என்னை ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்கவில்லை. பதிவன்று சுருதிப்பெட்டி ஒன்று, உடுக்கை ஒன்று, அவள் குரல். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்தில் நின்று இழுத்து ஒன்றுக்கு வந்தாள். அடியில் ஒரு கார்டும் இல்லை. ஆனாலும் என் காதில் எல்லாக் கார்டும் கேட்டது. நல்ல மெட்டு தன் கார்டைத் தானே சுமந்துகொண்டு வரும் என்பதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

அதற்குப் பிறகு ஸ்டிக்கரை எல்லாம் உரித்துப் போட்டேன். பட்டன் மேல் பிளாஸ்திரி ஒட்டினேன். நாலரைக் கட்டையில்தான் முதலில் உட்கார்ந்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள், பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தினார். எண்களாக நினைத்துக்கொண்டால் வரும் தம்பிகளே. ஒன்று, நாலு, ஐந்து என்று தூரத்தை மனசில் வைத்துக்கொண்டால் எந்தத் தெருவிலும் வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம். எனக்கு வர ரொம்ப நாளாயிற்று. வந்தது.

ஆடிக் கடைசி வெள்ளி. இருக்கன்குடியில் வெயில் சாயாத பிற்பகல். மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாகச் சனம் போய்க்கொண்டிருந்தது. மண்டிக்காரர் பந்தலில் நான் மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பாண்டியம்மாளும் முனியசாமியும் வந்து நின்றார்கள். குழாயில் அவள் பாட்டு வந்தது. நடந்துபோன சிலர் நின்றார்கள். முனியசாமி வெந்த கையால் டம்ளரை வாங்கி, குடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு குழாயையே பார்த்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது.

பாட்டு முடிகிற சமயத்தில் விருதுநகர்க்காரர் ஒருவர் சிடியைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். கடைவீதியில் பார்த்த பழக்கம்.

“அண்ணே, இந்தப் பாட்டுக்குப் போட்டிருக்கீக பாருங்க மியூசிக்கு. மத்ததுல எல்லாம் ஒரே எரைச்சல். இதுல கை வச்ச எடமே தெரியல.”

“இதுல நான் கை வைக்கவே இல்லைங்க.”

“பாத்தீகளா! பெரிய ஆளுக இப்படித்தான் அடக்கமாப் பேசுவாக.”

பாண்டியம்மாள் கண்ணைத் திறந்தாள். “நெசமாத்தாண்ணே சொல்றாரு. இவுக வாசிக்கல.”

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். “நீ யாரும்மா?”

“பாடுனவ.”

“நல்லாத் தமாசு பண்றீக ரெண்டு பேரும்” என்று அவர் சிரித்தார். சிடி அட்டையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். “இந்தா, இசைன்னு இவரு பேரு போட்டிருக்கு. உம்பேரு எங்கன இருக்கு, காட்டு?”

அவள் அட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினாள். எழுத்துக்கூட்டி வாசிக்கிறவள், விரலை வைத்து மெதுவாகத் தேடினாள். பிறகு என்னிடம் கொடுத்தாள்.

“நீங்க பாருங்கண்ணே. எனக்குத்தான் தெரியலையோ என்னமோ.”

வாங்கிப் பார்த்தேன். பார்க்க வேண்டிய தேவையே இல்லை. மேலே என் பேர், பெரிய எழுத்தில். கீழே, ‘பாடியவர்கள்: பக்தர்கள்’. அச்சுக்குப் போகும் முன் அட்டையைப் பிழை பார்க்கச் சொல்லி பாய் என்னிடம்தான் கொடுத்திருந்தார். என் பேரில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்ததைக் கண்டுபிடித்துத் திருத்தினேன். மற்றபடி பிழை ஒன்றும் இல்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.